மூன்றாவது முடிச்சு

போன வைகாசியில் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய உடன்பிறந்தவள் போட வேண்டும். அவனுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

ஆனால் எனக்கு வலிப்பு உண்டு. மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது. அப்புறம் ஆற்றில் குளிக்கக் கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது என்று எல்லாமே கூடாது. படிப்பு பாதியில் நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் காபியோடு கிளம்பிவிட்டார்கள். இப்போது மாத்திரையால் வலிப்பு அடங்கியிருக்கிறது. அந்த மாத்திரையும் சும்மா விடவில்லை. கை நடுங்கும், தெரிந்தவர் பெயர்கூட மறந்துபோகும்.

"ஏட்டி, மேடையில வச்சு வந்துட்டுன்னா என்ன செய்யதுக்கு? சித்தப்பா மவ போடட்டும்" என்றாள் அத்தை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே பயம்தான். சரி என்று ஒதுங்கிக்கொண்டேன்.

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். கல்யாணப் பெண்ணிடம் போனில் சொல்லியிருக்கிறான். அவள் நேரே அத்தையைக் கூப்பிட்டு, "மதினிதான் போடணும். இல்லன்னா நான் ஒத்த முடிச்சோட இருந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா மகளிடம் வேண்டாம் என்று அத்தையே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

தூக்கம் கெட்டால் எனக்கு ஆகாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே என்னை ஓர் அறையில் படுக்கவைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு மாப்பிள்ளையே காவலுக்கு உட்கார்ந்தான். பூ கேட்டு வந்தவர்களையெல்லாம் விரட்டியடித்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

காலையில் கெட்டிமேளம் முழங்கியது. தம்பி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நகர்ந்தான். இரண்டாவதை எப்படியோ போட்டுவிட்டேன். மூன்றாவது விழவே இல்லை. மஞ்சள் கயிறு வழுக்குகிறது, விரல்கள் நடுங்குகின்றன. நாதஸ்வரக்காரர் மூச்சு முட்ட ஊதுகிறார். அட்சதையெல்லாம் போட்டு முடித்துவிட்டுக் கூட்டம் என் கையையே பார்க்கிறது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. வலிப்பு இங்கேயே வந்துவிடுமோ என்று பயந்தேன்.

குனிந்த தலை நிமிராமல் பெண் மெல்லச் சொன்னாள்: "பைய போடுங்க மதினி. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்."

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் முடிச்சும் விழுந்துவிட்டது.

சின்ன வயதிலிருந்து பத்திரம், பத்திரம் என்று என்னைப் பிடித்து நிறுத்தியவர்கள்தான் அதிகம். என் நடுங்கும் கைக்காகக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.