மாடி வீட்டு பி.பி. நம்பர்

மாடியில் போன் அடித்தால் கீழே எங்கள் போர்ஷனுக்குள் கேட்கும். இன்றைக்கும் எங்காவது பழைய போன் மணி கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

திருவேற்காட்டில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்கார அம்மா. அவர் கணவர் ஆவடி பேக்டரியில் ரிடையர் ஆனவர். வருஷக்கணக்காகக் காத்திருந்து போன் வாங்கியிருந்தார்கள். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். பத்து நாள் லீவு போட்டுக் கூடவே இருந்தேன். "நீ போய் வேலையப் பாரு. முடியலன்னா சொல்லி அனுப்புதேன், உடனே வந்துரு" என்று அவரேதான் அனுப்பி வைத்தார். எப்படிச் சொல்லி அனுப்புவார்? வீட்டுக்கார அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த நம்பரை வாங்கி அண்ணனுக்கு எழுதிப் போட்டேன். பக்கத்து வீட்டு போனை நம் நம்பராகக் கொடுத்தால் அதற்கு பி.பி. நம்பர் என்று பெயர். அப்போது பாதி ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. "அவசரம்னா மட்டும் கூப்பிடச் சொல்லும்மா" என்றார் அந்த அம்மா. அண்ணனுக்கு அதையும் சேர்த்தே எழுதினேன்.

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், தகரம் அடிக்கும் சின்ன பிரஸ் ஷாப்பில். டைப்பிஸ்ட், ஸ்டோர்ஸ், டீக்கு ஆள் அனுப்புவது, எல்லாம் நான்தான். ஆபீஸ் போனில் சொந்தப் பேச்சு கூடாது என்பது முதலாளி சட்டம். அதனால் அந்த நம்பரை ஊரில் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஒரு நாள் சூப்பர்வைசர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். லாரிக்காரர் நம்பர், முலாம் போடுகிறவர் நம்பர் எல்லாம் அவர் சட்டைப்பை டைரியோடு போய்விட்டது. சரக்கு அப்படியே கிடந்தது. முதலாளி குதி குதியென்று குதித்தார். இனிமேல் எந்த நம்பரும் யார் பாக்கெட்டிலும் இருக்கக்கூடாது, எல்லாம் ஒரே இடத்தில், எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. செய்ய வேண்டியவள் யார்? வேறு யார், நான்தான்.

டைரி டைரியாக வாங்கினேன். காலண்டர் பின்பக்கம் கிறுக்கியது, மெஷின் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதியது, ஒன்று விடவில்லை. அகர வரிசைப்படி கார்பன் வைத்து டைப் அடித்தேன். ஒன்றை அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, போனுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மேஜைக்கு மேஜை ஒரு காப்பி. அழகாக இருந்தது, பொய் சொல்வானேன். கடைசிப் பக்கம் எங்கள் ஆட்களின் வீட்டு நம்பர்.

சென்னீர்குப்பத்திலிருந்து வரும் பிரஸ் ஆபரேட்டர் மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டார். "ஊட்டு நம்பர் இன்னாத்துக்குமா? பகல் பூரா இங்கதான கீறேன். பொழுது போனப்புறம் என்னத் தேடுனா அது நல்ல சேதியா இருக்காது." ரொம்பத்தான் பிகு பண்ணுகிறார் என்று நினைத்தேன். என் பெயருக்கு எதிரே நானும் காலியாகத்தான் விட்டிருந்தேன். முதலாளி அங்கே விரலை வைத்து, "உங்களுது எங்கே?" என்றார். மாடி வீட்டு நம்பரை அடித்துக் கொடுத்தேன்.

எங்களுக்கு இரண்டாம் ஷிப்டு உண்டு. நான் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன். அந்த வாரமே சாயங்காலம் மாடியில் மணி அடித்தது. வீட்டுக்கார அம்மா படி இறங்கி வந்து கூப்பிட்டார். அப்பாதான் என்று ஓடினால், சூப்பர்வைசர். தகர அளவு பார்க்கிற கேஜ் பெட்டி சாவி எங்கே என்கிறார்! மறுநாள் டெலிவரி சலான். அப்புறம் டிரைவர். அப்புறம் ஒரு சப்ளையர். அவருக்கு நம்பர் கொடுத்த புண்ணியவான் யாரோ. ஆபீஸில் சத்தம் போட்டேன்: "அது பி.பி. நம்பர் சார், அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க." கேட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து போனை எடுத்ததும் எல்லாரும் "அவசரம்" என்று ஆரம்பித்தார்கள்.

படி இறங்கி வந்துகொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, நாளாக நாளாகப் படியில் நின்றபடியே கூப்பிட்டார். பிறகு கரண்டியால் கிராதியைத் தட்டினார். ஒரு நாள், "உங்க ஆபீஸ் என்ன, தினமும் தீப்பிடிச்சு எரியுதா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் கூப்பிடுவதே நின்றுபோனது. மாடியில் மணி அடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நிற்பேன். மணி நிற்கும். மேலே ஏதோ இரண்டு வார்த்தை பேசுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டு போனாக இருக்கும் என்று உள்ளே போவேன். ஆபீஸ்காரர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. எனக்கு ஏதாவது போன் வந்ததா என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். "இல்லையே" என்று கொடியில் துணி உலர்த்தப் போய்விட்டார்.

தந்திதான் வந்தது.

போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அண்ணன் முற்றத்தில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். நான் அழுது முடித்ததும் கேட்டான்: "மூணு நாளு சாயங்காலம் தென்காசிக்குப் போய் போன் போட்டேன். அப்பா உன்னையேதான் கேட்டாரு. அவசரம்னு சொல்லி வாய மூடல, நீ ஊர்லயே இல்லன்னு வச்சுட்டாங்க. எங்க போயிருந்த?"

அட்டை, கேஜ் பெட்டி, சூப்பர்வைசர் என்று நான் சொன்னதை எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? அவன் நம்பவில்லை. பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை.

திரும்பி வந்து நேரே மாடிக்குத்தான் போனேன். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் அவசரம்னுதானேம்மா சொன்னாங்க" என்றார். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சாயங்காலம் மறுபடி மணி. செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார் அந்த அம்மா. "சீக்கிரம் வாம்மா, யாரோ அவசரமாம்." நானும் ஓடினேன், எதற்கென்று நினைக்கக்கூட இல்லை. சூப்பர்வைசர். கேஜ் பெட்டி சாவி. மேஜையின் இடது பக்க டிராயரில் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். "யாரும்மா? ஊர்லேர்ந்தா?"

"இனிமே ஊர்லேர்ந்து யாரும்மா கூப்பிடப் போறாங்க?" என்றேன்.