தங்கச்சியின் புத்தகத்தோடு கார்டன் ரீச் வரை

காளி கோயில் பார்க்கத்தான் கொல்கத்தா போனாயா என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இல்லை. போன மாதம் என் தங்கை செல்விக்குக் காவலாகப் போனேன். தனியாக விட்டிருந்தால் பாதி வழியில் இறங்கித் திரும்பியிருப்பாள்.

செல்வி பத்திரிகைக்காரி. திருச்சியில் ஸ்கூட்டரில் சுற்றிச் சாக்கடைச் செய்தி எழுத ஆரம்பித்தவள், சென்னையில் பெரிய இங்கிலீஷ் பேப்பர் வரைக்கும் போனாள். உப்பளத்து ஜனங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடமாகக் கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத் தொழிலாளிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். நான் டிபன் கடைக்காரி, ஐந்தாவதோடு சரி. "என் இட்லி பத்து நிமிஷத்துல வெந்துடும். உன் புஸ்தகம் வேக ரெண்டு வருஷமாடி?" என்று அவளைச் சீண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பற்றி எழுதினாளோ, அச்சுக்குப் போகும் முன் அவருக்கே வாசித்துக் காட்டுவாள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவாள். இந்தப் புத்தகத்துக்கு முதுகெலும்பே மாணிக்கம் அண்ணன் என்ற கிரேன் டிரைவரின் கதைதான். பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் எல்லோரும் வாசலில் நிற்க, அவர் "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய் கிரேன் ஓட்டியிருக்கிறார். பிரசவத்துக்குச் சேர்த்த மனைவி ஆஸ்பத்திரியில், கையில் காசில்லை. செல்வியிடம் இதைச் சொன்னவர் அவர்தான். ஆனால் வாசித்துக் காட்டட்டுமா என்று போன் செய்தபோது, "நேர்ல வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவர் வேண்டாம் என்றால் புத்தகமே இல்லை.

சென்னையிலிருந்து ஹவுரா 1,660 கிலோமீட்டர். எங்கள் ரயிலுக்கு இருபத்தெட்டு மணி நேரம் ஆயிற்று. செல்வி எதுவும் சாப்பிடவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே சாப்பிட்டேன். ஹவுரா ஸ்டேஷனுக்கு அடியிலேயே மெட்ரோ ஏறலாம், ஆற்றுக்குக் கீழே போகிறது. எஸ்பிளனேடில் மாறினால் காளிகாட். கோயில் பக்கத்திலேயே லாட்ஜ் கிடைத்தது. சாமி இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அந்தப் பக்கம் கடக்கும்போது கை கூப்பினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அப்போதைக்கு.

மறுநாள் காலை கிடர்பூர் வழியாக, மாணிக்கம் அண்ணன் வீடு இருக்கும் கார்டன் ரீச்சுக்கு பஸ். லாரியும் கைவண்டியும் வழி விட்டால் முக்கால் மணி நேரம், விடாவிட்டால் உங்கள் பாடு.

மாணிக்கம் அண்ணனுக்கும் மனைவி பார்வதி அக்காவுக்கும் சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். டீ கொடுத்தார்கள். செல்வி இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். அன்று சாயங்காலம், காய்ச்சல் என்று நம்பி, கூட வேலை பார்த்த பிஸ்வாஸ் என்ற நண்பர், வங்காளிகள் உயிரை விடும் விலை உசந்த இலிஷ் மீனோடு வீட்டுக்கு வந்த இடத்தில் அத்தியாயம் முடிகிறது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பு," என்றார்.

செல்வி தாளைக் கீழே வைத்தாள்.

"இலிஷ் இல்லம்மா. சாதா ரூயி மீன். ஸ்டிரைக் நேரத்துல இலிஷ் எவன் வாங்குவான்?"

"நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன், இவரு இங்க மீன் சாப்ட்டிருக்காரு!" என்றார் பார்வதி அக்கா. "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் வெளிய வருது பாரு."

"சும்மா இரு. இன்னொண்ணும் இருக்கும்மா. மீனை வாங்கறப்ப என் கையில கிரேன் கிரீஸ். கழுவ மறந்துட்டேன். பிஸ்வாஸ் பாத்துட்டான்."

"என்ன சொன்னாரு?" என்றாள் செல்வி.

"ஒண்ணும் சொல்லல. உக்காந்து அவனே ஆக்கிப் போட்டுட்டுப் போனான். இன்னிக்கு வரைக்கும் கேக்கல. நானும் சொல்லல."

செல்வி நிமிர்ந்தாள். "இதை முன்னாடி சொல்லவே இல்லையேண்ணே."

"அப்ப வாய் வரல. இப்ப எழுதிக்கோ. எம்பேரையும் போடு. புஸ்தகம் வர்றதுக்குள்ள நானே அவன்கிட்ட சொல்லிடறேன்."

வெளியே வந்ததும் செல்வி தெருமுனையில் இரண்டு தட்டு புச்கா தின்றாள். நம் ஊர் பானிபூரிதான், ஆனால் புளி தூக்கல். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால், "காளிக்குக் கும்பிட்டது வேலை செஞ்சிருச்சு போலடி" என்றேன். பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். அப்பாடா, பழைய தங்கச்சி திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதி.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பம் என்று நம்பிப் பேச்சுக் கொடுத்தால் பிள்ளைகள் வங்காள மொழியில்தான் பதில் சொல்லும், சிரித்துவைத்தால் போதும். மீன் வாங்குவதானால் கிடர்பூர் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். கிளம்பும் அன்று நாங்கள் ஏழரைக்குப் போனோம். மாணிக்கம் அண்ணன் பையோடு எதிரே வந்தார்.

"என்ன மீனுண்ணே?" என்றேன்.

"இலிஷ்," என்றார். "பிஸ்வாஸ் வீட்டுக்கு."

நடையை நிறுத்தவே இல்லை.