சிவப்பு டேக் போட்ட கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் சுபாஷைப் பத்தி மத்திகிரில யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். அவங்க யாரும் அவர்கூடக் குடித்தனம் பண்ணல.

ஐ.டி.ஐ. முடிச்சு பத்தொன்பது வயசுல ஓசூர் சிப்காட்டுல ஒரு கம்பெனிக்குள்ள நுழைஞ்சவர். மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மிஷின் நின்னுபோச்சுன்னா முதல் ஆளா அவரைத்தான் கூப்பிடுவாங்க. அவரும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும் திட்டிக்கிட்டே சரி பண்ணுவார். அதோட நின்னிருந்தா பரவால்ல. கம்பெனிய வீட்டுக்குள்ளயும் கொண்டாந்துட்டார், அதுதான் என் தலையெழுத்து. கல்யாணமான மொத வாரமே சுவிட்சுக்கெல்லாம் நம்பர் எழுதி ஒட்டினார். மிக்சிக்கு மாசாமாசம் சர்வீஸ். எதைத் தொட்டாலும் ஒரு நோட்டுல தேதி போட்டு, என்ன கோளாறு, என்ன பண்ணேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். கம்பெனிக்கு வருசாவருசம் ஆடிட்டுக்கு ஆளுங்க வருவாங்களாம், நோட்டுல இல்லாத வேலை செய்யாத வேலைன்னு சொல்லுவாங்களாம். நம்ம வீட்டுக்கு எந்த ஆடிட்டர் வரப்போறான்னு கேட்டா, "பழகிப்போச்சு, விடு"ம்பார்.

என் பேரு ஜோதிமணி, சொந்த ஊரு கல்லாவி. எம்.எஸ்சி. தாவரவியல். அவரோட மூணு ஷிப்டுக்கும் சோறு கட்டிக் கொடுத்ததுதான் அதுக்கப்புறம் ஆறு வருசமா நான் பண்ண ஆராய்ச்சி. 2005ல, உத்தனப்பள்ளி ரோட்டுல ரோஜாக் கன்னுங்கள பாட்டில்ல வளக்குற ஒரு லேப்புல ஆள் எடுக்குறாங்கன்னு தெரிஞ்சு எழுதிப் போட்டேன். போன் பண்ணாங்க. "இன்டர்வியூ தேதிய மெயில்ல அனுப்புறோம். வியாழக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள வரேன்னு பதில் சொல்றவங்களுக்குத்தான் இன்டர்வியூ"ன்னு ஒரு மேடம் சொன்னாங்க. அந்த வேலை எனக்கு எவ்வளவு வேணும்னு சொல்ல வெக்கமே இல்ல. பசிச்சவ சோத்தைப் பாக்குற மாதிரி பாத்தேன்.

வீட்டுல கம்ப்யூட்டர் இருந்துச்சு. பெங்களூர்ல பார்ட்ஸ் வாங்கி அவரே பூட்டினது. போன் ஒயர மோடத்துல சொருகி டயல் பண்ணா நெட்டு வரும், அவுட்லுக்கத் திறந்தா மெயில் இறங்கும். திங்கக்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்தா, கம்ப்யூட்டர் ஒயருல சிவப்பு டேக் தொங்குது. 'வேலை நடக்கிறது. இயக்காதே.' கீழ அவர் பேரு, தேதி. "நேத்துலருந்தே நெட்டு வரல. மெயில் ஒண்ணும் இறங்கல. நான் பாத்துக்குறேன், நீ தொடாத"ன்னார்.

அந்த டேக் கம்பெனிச் சட்டம். போட்டவன்தான் எடுக்கணும், முதலாளியே வந்தாலும் எடுக்கக்கூடாது. ஒருத்தன் எடுத்து சுவிட்ச போட்டதுல இன்னொருத்தனுக்கு ரெண்டு விரல் போச்சாம். அந்தக் கதைய நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கம்ப்யூட்டர்ல யாரு விரல் போகப்போகுது? ஆனாலும் தொடல. அந்த அளவுக்கு என்னைப் பழக்கி வெச்சிருந்தார்.

செவ்வாக்கிழமை கேட்டேன். "லைன்ல கரகரப்பு"ன்னார். புதன்கிழமை கேட்டேன். "மோடமே போயிருக்கும் போல, பெங்களூர் போனாத்தான் கிடைக்கும்"னார். அப்ப பிரவுசிங் சென்டர்ல போய்ப் பாக்குறேன்னு சொன்னதுதான், மனுசன் பத்திக்கிட்டார். "பாஸ்வேர்ட கண்ட இடத்துல போடுவியா? எவனாவது உன் மெயில எடுத்துப் படிச்சா?" சாப்பிடாம எந்திரிச்சுப் போனார். நானும் கூப்பிடல. பசிச்சா தானா வருவார்னு தட்டை மூடி வெச்சிட்டுப் படுத்துட்டேன்.

வியாழக்கிழமை அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போயிட்டார். பன்னெண்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புகிட்ட இருக்குற அருள்செல்வியோட பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மெயிலத் திறந்தா லேப்புலருந்து ஒண்ணும் இல்ல. என் தங்கச்சி காவேரி அனுப்பின சாமி படம் ரெண்டு மட்டும் கெடக்கு, செவ்வாக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. தினம் தவறாம ஒண்ணு அனுப்புவான்னு அருள்செல்விகிட்டச் சொன்னேன். அவ பாத்துட்டுக் கேட்டா, "திங்கக்கிழமை படம் எங்கக்கா?"

"தெரியலையே."

"வீட்டு மிஷின் மெயில இறக்கிட்டா இங்க மிச்சம் இருக்காதுக்கா. செவ்வா, புதன் படம் இங்க இருக்கு. திங்கக்கிழமை படம் இல்ல. அப்ப திங்கக்கிழமை வரைக்கும் உங்க வீட்டு நெட்டு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு."

ஞாயித்துக்கிழமையிலருந்தே நெட்டு வரலைன்னுல்ல அவர் சொன்னார். அவகிட்டப் போயிட்டு வரேன்னுகூடச் சொல்லல.

வீட்டுக்கு வந்து டேக்க அறுத்துக் கீழ போட்டேன். அவர் சொல்ற மாதிரியே ஒரு முனையிலருந்து பாத்துக்கிட்டு வந்தேன். கரண்டு வருது. போன எடுத்துக் கேட்டேன், கரகரப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. மோடத்துல சொருகுற ஒயரு மட்டும் கழட்டி மேசைக்குப் பின்னாடி போட்டிருந்துச்சு. சொருகினேன். டயல் பண்ணேன். கீச்சுகீச்சுன்னு கத்திட்டு ஒரே தடவையில கனெக்ட் ஆச்சு. அவுட்லுக்கத் திறந்தா திங்கக்கிழமை சாமி படம் கல்லு மாதிரி உக்காந்திருக்கு, யாரோ திறந்து பாத்தும் இருக்காங்க. லேப் மெயில் மட்டும் எங்கயும் இல்ல.

அப்பத்தான் நோட்டு ஞாபகம் வந்துச்சு. எழுதாம இருக்க முடியாதே அந்த மனுசனால. அலமாரியிலருந்து எடுத்துப் புரட்டினேன். '12.9.05, திங்கள். நெட் ஓகே. மெயில் இரண்டு. ஒன்றுக்குப் பதில் அனுப்பி அழித்தேன்.' கீழ சுத்தமா ஒரு கையெழுத்து.

அவுட்லுக்குல அனுப்பின மெயிலெல்லாம் இருக்குற பக்கத்தத் திறந்தேன். வந்த மெயில அழிச்சவர், தான் அனுப்பினத அழிக்கல. இங்கிலீசுல எழுதியிருந்தார். வீட்டில் பிரேக்டவுன் ஆகியிருப்பதால் வர இயலாது, என் பெயரை நீக்கிவிடவும், இப்படிக்கு ஜோதிமணி. அதுக்குக் கீழயே லேப்புலருந்து வந்தது அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சனிக்கிழமை காலையில ஒன்பதரை மணி. பக்கத்துல ஒரு வரி: உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம். அதைப் படிச்சதும் அழுகை வந்துடுச்சு. உக்காந்து நல்லா அழுதேன்.

நாலு மணிக்கு வந்தார். கீழ கெடந்த டேக்கத்தான் மொதல்ல பாத்தார். "இத யாரு எடுத்தா?"

நோட்ட விரிச்சு மேசை மேல போட்டேன். முகத்துல ஈயாடல. நோட்ட மூடி வெச்சிட்டு ஆரம்பிச்சார். "மூணு ஷிப்டு ஆளு நான். நீ பாட்டுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டுப் போயிட்டா வீட்ட யாரு பாக்குறது? நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க, பொண்டாட்டி லேப்புல ஆபீசராம், புருசன் ஸ்பேனர் புடிக்கிறானாம்னு."

ஆறு வருசமா வாங்க, போங்கன்னு கூப்பிட்ட வாய்தான். "அத எங்கிட்டச் சொல்லிச் சண்டை போட்டிருக்கணும். மெயில அழிச்சிருந்தாக்கூட வயித்தெரிச்சல்னு விட்டிருப்பேன். என் பேரப் போட்டு எழுதியிருக்கியே நீ. என் பேர எழுத நீ யாரு?"

மணி நாலே கால். நெட்ட நிறுத்திட்டு போன எடுத்து லேப்புக்கு நம்பர் போட்டேன். அதே மேடம்தான் எடுத்தாங்க. என் பேரச் சொன்னேன். "நீங்கதான் வரலைன்னு எழுதிட்டீங்களே"ன்னாங்க.

அவர் பக்கத்துல வந்து நின்னு வாய்க்குள்ள முணுமுணுத்தார், "நெட்டுல ஏதோ கோளாறுன்னு சொல்லிடு ஜோதி. மானம் போயிடும்."

"நெட்டுல ஒரு கோளாறும் இல்ல மேடம்"னு சொன்னேன். "அத நான் எழுதல. என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம என் பேர்ல எழுதினது. எனக்கு இந்த வேலை வேணும். சனிக்கிழமை நான் வரேன்."

"சரி, வந்துடுங்க"ன்னாங்க. போன வெக்கப்போறாங்கன்னு நினைச்சேன், வெக்கல. "மறுபடியும் வரலைன்னு உங்க பேர்ல மெயில் வந்தா நாங்க என்னம்மா பண்றது?"ன்னு கேட்டாங்க.

"வந்தா அது நான் இல்ல மேடம்"னேன். அவர் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தார்.