நூற்றில் பன்னிரண்டு

ரூபாவின் பிழைப்பே மண்ணைச் சந்தேகப்படுவதுதான். போர்ட் பிளேரில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் எஞ்சினியர். கட்டடம் எழும்பப் போகிற இடத்தில் சில குழிகள் போட்டு, இரும்புக் குழாயைச் சுத்தியலால் தட்டி இறக்கிப் பார்ப்பார்கள். குழிகளுக்கு நடுவே கிடக்கும் மண்ணை யாரும் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு இவ்வளவு என்றுதான் சொல்ல முடியும். அதைக் கேட்டு முகம் சுளிக்காத ஆளை அவள் இன்னும் சந்திக்கவில்லை.

அண்ணன் வெள்ளைச்சாமி கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் மனை வாங்கியபோது அவளே போய்க் குழி போட்டாள். பழைய ஓடையைத் தூர்த்த இடம். மூன்று குழிகளில் கெட்டி மண். கிழக்கு மூலையில் மட்டும் குழாய் சேற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“நாலையும் கூட்டி வகுத்துப் பாரு தங்கச்சி, மண்ணு பக்காவா இருக்குல்ல?” என்றான் அண்ணன்.

“வீடு சராசரி மேலயாண்ணே நிக்குது? நாலு மூலை மேல நிக்குது. பெரிய பூகம்பம் வந்தா அந்த மூலை உள்ள போயிரும். வீடு இருக்குற காலத்துக்குள்ள அப்படி ஆக நூத்துல பன்னெண்டு வாய்ப்பு இருக்கு. பைல் அடிச்சிட்டுக் கட்டு.”

கெட்டி மண் தட்டும்வரை தூண் இறக்கும் அந்த பைல் மெஷின் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். எப்போது வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

“நூத்துல பன்னெண்டா?” அவன் சிரித்தான். “அன்னைக்கு கட்சால் தீவுல தண்ணி வந்தப்ப நான் பொழைக்க எத்தன இருந்துச்சு? அதையும் கணக்குப் போட்டுச் சொல்லேன்.”

சுனாமியன்று கட்சாலில் இருந்த வீட்டுக்குப் போகாமல், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று போர்ட் பிளேர் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டவள் அவள். அம்மா, அப்பா, தம்பி, யாரும் மிஞ்சவில்லை. அண்ணன் மட்டும் ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அவனிடம் போய் வாய்ப்பைப் பற்றி என்ன பேசுவது?

அவன் காத்திருக்கவில்லை. கடலுக்கு எட்டாத உயரம் வேண்டுமென்று மாடியும் சேர்த்துக் கட்டினான். பால் காய்ச்சிய அன்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் கிழக்கு மூலை அறையைத் திறந்தான்.

“ஜன்னல்ல நல்லா ஹவா வருது பாரு. இது ஒனக்குத்தான். எதுக்கு வாடகை ரூம்ல தனியாக் கெடக்குற?”

அவளுக்குத் தரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒன்றும் ஆகாமலே போகலாம். அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அந்தப் பன்னிரண்டுதான் நடக்கும் என்றால், இன்னொரு முறை எங்கோ பத்திரமாக இருந்துகொண்டு சேதி கேட்கும் ஆளாக அவளால் இருக்க முடியாது.

“சரிண்ணே,” என்றாள். அந்த வாரமே துணிமணியைக் கட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறினாள்.