மூன்றாவது தடவையும் அறுந்திருந்தால்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு ஓசூரில். அப்பா காலமாகிவிட்டார். அம்மா, நான், தங்கை மூவரும் கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து வரும் புளியை உடைத்து, கொட்டை எடுத்துக் கொடுத்துத்தான் சாப்பிட்டோம். வகுப்பில் முதலாவதாக வந்த தங்கையை அந்த வருடம்தான் ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தோம்.

அப்போது பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் எட்டாவது படித்த பெண்களுக்கு வேலை என்று செய்தி வந்தது. மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சின்ன உருளையில் சுற்ற வேண்டுமாம். விரல் வேகம்தான் முக்கியமாம். எட்டாவது முடித்திருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. புளி உடைப்பதில் எங்கள் தெருவிலேயே எனக்கு ஈடு கிடையாது! வேலை கிடைத்தால் தங்கையை மறுபடி பள்ளிக்கு அனுப்புவதாக அம்மாவும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். விரலைப் பழக்குகிறேன் பேர்வழி என்று பொழுது சாயும்வரை புளி உடைத்துத் தள்ளினேன். "கையக் கொஞ்சம் சும்மா வையேன்டி" என்று அம்மா கெஞ்சினாள். காதில் வாங்கினால்தானே!

காலையில் முதல் பஸ். தங்கை கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து கையாட்டினாள்.

அங்கே பெரிய கூடத்தில் வரிசையாகப் பெண்கள். "கம்பி மூணு தடவை அறுந்தா எழுந்து போயிடணும்" என்றார் மேற்பார்வையாளர். உற்சாகமாக உருளையின் கைப்பிடியைச் சுற்றினேன். பட்டென்று அறுந்தது. மறுபடியும் அறுந்தது. அப்போதுதான் விரலைப் பார்த்தேன். புளி அரித்து நுனியெல்லாம் வெடிப்பு. கம்பி அதில் சிக்கித்தான் அறுகிறது! தங்கையின் முகம் கண்முன் வந்தது.

பக்கத்தில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி. அவள் கம்பி அப்போதுதான் மூன்றாவது தடவையாக அறுந்திருந்தது. எழுந்தவள் என் விரலைப் பார்த்தாள். மறுபடி சுற்றப் போன என்னை, "ஸ்வல்ப நில்லு", கொஞ்சம் பொறு என்று கன்னடத்தில் தடுத்தாள். தேர்வுக்கென்றே கட்டி வந்த புதுச் சேலை, மடிப்புகூடக் கலையவில்லை. அதன் முந்தானை ஓரத்தைப் பல்லால் கிழித்து என் இரண்டு விரலிலும் இறுக்கிச் சுற்றினாள். "என்னுது போச்சு. உன்னுதாவது நிக்கட்டும்" என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. சுற்றச் சுற்ற எனக்குள் துள்ளல்! கடைசிச் சுற்றில் மேற்பார்வையாளர் வந்து என் விரலைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னம்மா கட்டு?" தொலைந்தோம் என்று நினைத்தேன். உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கட்டக் கூடாதுன்னு நான் சொல்லலையே" என்று சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார். நான் போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

வாசலுக்கு ஓடினேன். பச்சைச் சேலையை எங்கும் காணோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, பாவி நான்.

அடுத்த திங்கட்கிழமையே தங்கை பள்ளிக்குப் போனாள். அவள் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கோ ஒரே நினைப்பு. அன்று என் கம்பி முதலில் மூன்று தடவையும் அறுந்து போயிருந்தால், பக்கத்தில் இருந்தவளுக்காக என் புதுச் சேலையைக் கிழித்திருப்பேனா? கிழித்திருப்பேன் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை.