வெறுங்கையோடு போயிருக்கலாம்: பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கோகோ மரத்தைப் பார்த்துவந்த கதை

கோகோ மரங்களைப் பொங்கலுக்குள் வெட்டிவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நாள் குறித்துவிட்டார். அதனால்தான் மார்கழிச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு, குளிரில் முக்காடு போட்டுக்கொண்டு குத்தாலத்தில் பஸ் ஏறினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. புழுவுக்கு வழி கேட்கப் போனேன்.

எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராக நாற்பது கோகோ மரங்கள் இருக்கின்றன. நட்டது நான், வேண்டாம் என்றவர் அவர். காய்ப்புக்கு வந்ததும் காய்த்துளைப்பான் புழுவும் வந்துவிட்டது. காயின் மேலே குண்டூசி முனை அளவு ஓட்டை தெரியும், அவ்வளவுதான். உடைத்தால் கொட்டைகள் கட்டியாக ஒட்டிக் கறுத்துக் கிடக்கும். மருந்து அடித்தாலும் புழு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அவர் சொல்வதும் நியாயம்தான், ஆனாலும் வயிறு எரியாதா? அந்த நேரத்தில்தான் என்னோடு கல்லூரியில் படித்த ஸ்டெல்லா போன் செய்தாள். "எங்க தோப்புல ஒரு மரத்தை மட்டும் புழுவால ஒண்ணும் பண்ண முடியலடி. வந்து பாரு."

கும்பகோணம், மன்னார்குடி வழியாகப் பட்டுக்கோட்டை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நேர் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள், மாறி மாறிப் போவதே வேகம். நான்கு மணி நேரம் ஆனது. மன்னார்குடி தாண்டும்வரை இரண்டு பக்கமும் சம்பா பயிர் பால் பிடித்து நின்றது. அதற்கப்புறம் மண் செம்மண்ணாகி, தென்னை தொடங்கிவிடும். பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் சாலையில் டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசாங்கம் வாழ்க!

எங்கள் பக்கம் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போக மாட்டோம். ஒரு தோப்புக்காரி இன்னொரு தோப்புக்காரி வீட்டுக்குப் போகும்போது என்ன கொண்டுபோவது? மரத்திலேயே பழுத்த, மேலே பொன்னாட்டம் மின்னிய ஆறு கோகோ காய்களைத் துணிப்பையில் போட்டு எடுத்துப்போனேன். சேதத்தைக் காட்டவும் ஆச்சு, சீர் கொண்டுபோன மாதிரியும் ஆச்சு என்று நினைப்பு.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கத்தினார். "அம்மா, உங்க பையிலேருந்து என்னமோ நெளியுது பாருங்க!"

பக்கத்து சீட்டுப் பெண்ணின் புடவையில் ஒரு புழு. அந்த அம்மா போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டு, புழுவைச் செருப்பால் தேய்த்தேன். சனியன் ஒழிந்தது என்று நிம்மதியாக இறங்கினேன்.

ஸ்டெல்லா வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. சிரித்துக்கொண்டே வந்தவள், பஸ்ஸில் புழு நெளிந்த கதையை நான் சொன்னதும், பையைப் பார்த்து வாசல் படலைச் சாத்திவிட்டாள்.

"உள்ள கொண்டு வராதடி! ஒண்ணு வெளிய வந்துச்சுன்னா இன்னும் எத்தன உள்ள இருக்கோ!"

"மேல நல்லாத்தானே இருக்கு?"

"என்னோட ஒன்றரை ஏக்கர்டி இது. எங்கப்பா இந்த மண்ணுல கூலிக்கு நின்னவரு. கேஸு, போராட்டம், ஜெயிலுன்னு அலைஞ்சு பட்டா வாங்குனாரு. அதுல வந்து உன் புழுவ விதைக்கப் பாக்குறியா?"

எனக்கு உடம்பு கூசிப்போனது. புழு ஒரு வாரம் தோப்பில் தப்பித்தால் அவள் மரங்களுக்கும் என் மரங்களின் கதிதான். அவள் கணவர் அந்தோணி தெருவிலேயே கல் அடுப்பு மூட்டி அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தார். அடுப்புப் பக்கத்திலேயே சாக்கை விரித்துக் காய்களை உடைத்தோம். ஆறில் ஐந்தில் கொழுத்த புழுக்கள், உயிரோடு. நூறு கிலோமீட்டர் குலுங்கி வந்த களைப்புகூட அவற்றுக்கு இல்லை. காய், பை, சாக்கு எல்லாம் அண்டாவுக்குள் போயின.

பிறகுதான் அந்த மரத்தைக் காட்டினாள். தோப்பின் தென்மூலையில், கரடுமுரடான பச்சைக் காய்களோடு, பார்க்க லட்சணமே இல்லாத மரம். ஒரு காயில் ஓட்டை இருந்தது. 'இதிலும்தானே விழுந்திருக்கிறது' என்று என் மனசு விட்டுப்போனது. ஸ்டெல்லா காயை வெட்டினாள். கத்தி உள்ளே மரக்கட்டைபோல ஒரு படலத்தில் முட்டி நின்றது. புழு போட்ட பாதையும் அங்கேயே நின்றிருந்தது. அதன் முனையில் நூல் மாதிரி வற்றிச் செத்துக்கிடந்தது புழு. அதற்கு உள்ளே கொட்டைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"எல்லாக் காயும் தப்பிச்சிடும்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா பத்துக்கு எட்டு தேறும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்தும் மாயமும் இல்லாமல், அந்த மரம் தன் காயைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதிராம்பட்டினத்து மீன் குழம்போடு சாப்பாடு. கிளம்பும்போது, "வெறுங்கையோட அனுப்பினா நல்லாவா இருக்கும்?" என்று, என் மரங்களில் ஒட்டுக் கட்டிக்கொள்ள அந்த மரத்தில் ஒட்டுக்குச்சிகள் வெட்டினாள். இலையை நீக்கி, ஒவ்வொன்றையும் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவள் தோப்பையே பலி கொடுக்க இருந்தவளுக்கு அவள் செய்த சீர் அது. இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பது?

இப்படி யாராவது போவதாக இருந்தால் கேளுங்கள்: புழு விழுந்த காயை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள். போனில் படம் எடுத்துப் போங்கள், போதும். உடைத்த ஓடுகளைத் தென்னை அடியில் மண்ணை மூடும் மூடாக்காகப் போடாதீர்கள், புழு அதற்குள்ளேயே பிழைத்துக் கிடக்கும். சீர் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் கும்பகோணத்தில் வெற்றிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியபோது வாசலில் புதிதாகத் தீட்டிய அரிவாள் சாத்தியிருந்தது. ஒட்டுக்குச்சிக் கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் போனில் எடுத்துவந்த செத்த புழுவின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"உள்ளயே போக முடியலயா?"

"முடியல."

அரிவாளை எடுத்துக் கொட்டகைக்குள் மாட்டிவிட்டு, சின்னக் கத்தியோடு வந்தார்.

"எந்தக் கிளையில கட்டணும், காட்டு."