அம்மாவின் தட்டு

தொழிற்சாலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள் அவள். அங்கே யாரும் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. வீட்டில் அவளுடைய பத்து மாத மகளோ, கூழாக மசித்ததைத் தவிர எதையும் விழுங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "இனிமே அவளே கையில எடுத்துத் தின்னப் பழக்குங்க" என்று நர்ஸ் சொல்லி வாரக்கணக்காகிவிட்டது.

அன்று சாயங்காலமும் கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஈறுக்கே நசுங்கும்படி வேகவைத்துக் கொடுத்தாள். மகள் ஒன்றைச் சுவரில் எறிந்தாள், ஒன்றைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். வாய்க்குள் போன ஒரே துண்டும் அம்மாவின் மடியில் வந்து விழுந்தது.

"பேசாம மசிச்சே குடுத்துடேன்," என்றான் கணவன், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"காலேஜ் போற வரைக்கும் மசிக்கவா? நீங்க வந்து குடுத்துப் பாருங்க, தெரியும்!"

பசியில் அவளுக்குக் கண் இருட்டியது. சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தவழ்ந்து வந்த மகள் தட்டுக்குள் கைவிட்டு ஒரு கிழங்குத் துண்டை எடுத்து, மென்று விழுங்கினாள்.

"பாத்தியா, சாப்பிடுறா!" என்று கணவன் துள்ளினான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று அதே கிழங்கைத்தான் அரைமணி நேரம் கெஞ்சிக் கெஞ்சி நீட்டியிருந்தாள். "நீயே தின்னுடி," என்று தட்டைத் தள்ளிவிட்டு, வேறு தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். மகள் பழைய தட்டை விட்டுவிட்டு, இதை நோக்கித் தவழ்ந்தாள்.